செப்பாங்கில் ஜிஆர் 86: பிரேக்கும் டயரும் நாள் முழுக்கத் தாங்க

டொயோட்டா ஜிஆர் 86 வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது எக்ஸாஸ்ட் பற்றியும் டர்போ கிட் பற்றியும்தான். மலேசியாவின் செப்பாங் பந்தய டிராக்கில் தொடர்ந்து ஓட்டப்போகிறவருக்கு அவை இரண்டுமே அவசரமில்லை. 2.4 லிட்டர் எஞ்சினுக்கு இருக்கிற சக்தியே தாராளம். இந்தக் காரில் முதலில் கைவிடுவது பிரேக் ஆயில். அடுத்து முன் பிரேக் பேட், அதாவது டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை. அதற்கடுத்து இடது முன் டயரின் வெளி ஓரம். காசையும் இதே வரிசையில் செலவழியுங்கள்.

காரணம் டிராக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. செப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், ஓட்டம் வலஞ்சுழியாக. பத்து வளைவு வலப்பக்கம், ஐந்துதான் இடப்பக்கம். வலது வளைவில் பாரம் முழுவதும் இடது டயர்கள் மேல் விழுவதால் அவை முந்தித் தேய்கின்றன. பிரேக்கின் கதை வேறு. 14-ஆம் வளைவில் ஒரு பிரேக், பின் நேர்ப்பாதை முழுக்க ஆக்சிலரேட்டர், 15-ஆம் கொண்டையூசி வளைவில் முழு பிரேக், மெயின் நேர்ப்பாதை, மறுபடி முதல் வளைவில் முழு பிரேக். மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் காற்றுப் பட்டு ஆறுவதற்கு அந்த இரண்டு நேர்ப்பாதைகள் மட்டுமே உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காரும் ஓட்டுநரும் சேர்ந்து ஏறத்தாழ 1,360 கிலோ. மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 70-க்கு இறங்க வேண்டுமென்றால் சுமார் 16 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்கித் தள்ள வேண்டும். அதில் 70 விழுக்காடு முன் பிரேக்குக்குப் போகிறது என்றும், முன் டிஸ்க் ஒன்று ஏழரை கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் டிஸ்கின் வெப்பம் 160 டிகிரிக்கு மேல் எகிறும். முந்தைய மிதியின் சூடு இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. டிஸ்க் தாங்கும். அதையொட்டி இருக்கிற பேடும், பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கிற ஆயிலும்தான் தாங்காது.

அதனால் முதல் செலவு பிரேக் ஆயில். டாட் 3 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230. இது சீலைப் பிரித்த புதிய ஆயிலுக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய பிறகு அதே தரங்களின் வரம்பு 140, 155 என்று இறங்கிவிடுகிறது. மலேசியப் புழுக்கத்தில் இந்த இறக்கம் சீக்கிரமே நடக்கும். கொதித்த ஆயிலில் நீராவிக் குமிழி உருவாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். கால் தரை வரை போகும், கார் நிற்காது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயிலின் உலர் கொதிநிலை, அதாவது ஈரம் ஏறாத நிலையில், 312 டிகிரி. விலைக்கு ஏற்ற சரக்கு அது. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் அதைவிட விலை அதிகம் என்றாலும், ஈரம் ஏறிய பிறகும் 270 டிகிரி தாங்கும். மாதமொரு முறை டிராக்குக்குப் போகிறவர் ஆர்பிஎஃப் 600 ஊற்றி அடிக்கடி மாற்றுவது நல்லது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் போகிறவருக்கு எஸ்ஆர்எஃப் கணக்குக்கு ஒத்துவரும்.

முழுவதும் மாற்ற அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. கிளட்ச் பக்கம் பிளீட் செய்யாமல், அதாவது பழைய ஆயிலை வெளியேற்றாமல், விட்டால் பழைய கறுப்பு ஆயில் அங்கேயே தங்கும். சூட்டில் கிளட்ச் மிதி பாதியில் நின்றுவிடும். ஒருமுறை திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த மாதத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது பேட். கம்பெனி பேட் சாலைக்கு அருமையானது. செப்பாங்கில் மூன்றாவது நான்காவது லேப்பிலேயே மிதி கெட்டியாக இருக்கும், பிடிப்பு இருக்காது. இது ஆயில் கொதித்ததால் வருவது அல்ல. மிதி பஞ்சுபோல் இறங்கினால் ஆயில். மிதி கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட். இந்த வித்தியாசம் தெரியாமல் பேட் மாற்ற வேண்டியவர் ஆயிலை மாற்றிவிட்டு, பிரச்சினை தீரவில்லை என்று பெரிய பிரேக் கிட் விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார். கம்பெனி டயரோடு பழகுகிறவருக்கு ஃபெரோடோ டிஎஸ்2500 ரகம் போதும். சாலையிலும் சத்தம் அதிகம் இல்லை. ஒட்டும் ரக டயர் போட்டபின் பிரேக்கிங் தூரம் குறைந்து சூடு இன்னும் கூடும். அப்போது எண்ட்லெஸ், ப்ராஜெக்ட் மியூ போன்றவற்றின் சர்க்யூட் ரகத்துக்குப் போயே ஆக வேண்டும். அவை குளிரில் கீச்சிடும், சக்கரமெல்லாம் கறுப்புத் தூள் படியும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் டிராக் நாளன்று மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அரை மணி நேர வேலை. ஆனால் ஒரே டிஸ்கில் இரண்டு ரகப் பேடை மாற்றி மாற்றிப் போட்டால் முதல் பேட் படிய வைத்த படலமும் இரண்டாவதும் கலந்து அதிர்வு வரும். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் ரகமாக இருப்பது நல்லது.

புதுப் பேடை நேராக முழு வேகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 100-லிருந்து 30 வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை, எங்கும் முழுதாக நிறுத்தாமல். பிறகு நாலைந்து முறை கொஞ்சம் கடுமையாக. அதன்பின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விட வேண்டும். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். டிஸ்க் முகத்தில் சீரான சாம்பல் நீலப் படலம் வந்திருந்தால் வேலை சரி. திட்டுத் திட்டாக இருந்தால் பாதியிலேயே சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

பேட் எப்போது மாற்றுவது? சாலையில் 3 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். டிராக்குக்கு 5 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். டிஸ்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சூட்டைத் தடுப்பது அந்தப் பேடின் தடிமன்தான். மெலிந்த பேட் இன்னும் நிறுத்தும். ஆனால் சூட்டை அப்படியே ஆயிலுக்கு அனுப்பிவிடும். 312 டிகிரி ஆயில் கொதித்தது என்று சொல்கிற இடங்களில் பெரும்பாலும் தேய்ந்த பேட்தான் குற்றவாளி. இந்தக் காரின் காலிப்பர் நகரும் வகை என்பதால் பேட் ஆப்பு மாதிரி சாய்ந்து தேயும். ஒரு முனை 7, மறு முனை 4 என்று இருந்தால் 4-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காலிப்பர் நகர்வதற்கான கைடு பின்னைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் இந்தச் சாய்வு பாதி குறையும். ரப்பர் உறை பொரிந்து போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

டிஸ்கில் பெரிய செலவு வேண்டாம். துளையில்லாத சாதா டிஸ்க் வாங்கி, தேய்ந்ததும் தூக்கிப் போடுவதே லாபம். துளையிட்டவை துளையைச் சுற்றித்தான் முதலில் வெடிக்கும். முகத்தில் முடி மாதிரி மெல்லிய கீறல்கள் இயல்பு. விரல்நகம் மாட்டுகிற வெடிப்பு, அல்லது வெளி விளிம்பு வரை ஓடிய வெடிப்பு என்றால் அன்றைக்கு அதோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். எவ்வளவு சூடாகிறது என்று தெரிய டிஸ்க் விளிம்பில் வெப்பம் காட்டும் பெயிண்ட் பூசலாம்: பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். சிவப்பு மாறியிருந்தால் பிரேக்குக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய் வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பச்சை மட்டும் மாறியிருந்தால் பெரிய கிட் கேட்காதீர்கள்.

ஓட்டுகிற முறையும் சூட்டைக் கூட்டும். சிறுகச் சிறுக நீளமாக மிதிப்பது மென்மையாகத் தோன்றும். டிஸ்கோடு பேட் உரசிக்கொண்டிருக்கும் நேரம்தான் நீளும். உடனடியாக முழு அழுத்தம், பிறகு வளைவுக்குள் நுழையும்போது படிப்படியாக விடுவது என்பதே சரி. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: கார் வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை முழுதாக ஆன் செய்து வேகமாக ஓட்டினால் அது பின் பிரேக்கைத் தானே பிடித்துக்கொண்டே இருக்கும். பின் பேட் முன் பேடைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்றால் அதுதான் காரணம். ட்ராக் மோட் போட்டால் குறுக்கீடு குறையும், பாதுகாப்பும் மிச்சமிருக்கும். புதியவர்கள் அதற்கு மேல் அணைக்க வேண்டாம்.

இனி டயர். கம்பெனி அமைப்பில் முன் சக்கரத்தின் கேம்பர், அதாவது பக்கவாட்டுச் சாய்வு, கிட்டத்தட்ட பூஜ்யம். மேல்முனை உள்பக்கம் சாய்ந்தால் அது மைனஸ். வளைவில் கார் சாயும்போது டயர் வெளி ஓரத்தில் நின்று உருள்கிறது. 215/40 ஆர்18 மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 நல்ல டயர். உள்பக்கம் 5 மில்லிமீட்டர் மீதியிருக்க, இடது முன் டயரின் வெளித்தோள் வழுவழுவென்று ஆகியிருக்கும். கேம்பர் போல்ட் ஒரு ஜோடி போட்டாலே மைனஸ் ஒன்றரை டிகிரிக்குப் பக்கத்தில் வரும். கேம்பர் பிளேட் போட்டால் மைனஸ் இரண்டரை, மூன்று வரை போகலாம். டோ, அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, பூஜ்யத்தில் வையுங்கள். முன்முனை வெளியே பார்க்கும் டோ அவுட் அதிகம் வைத்தால் வீட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையே உள் ஓரத்தைத் தின்றுவிடும். இந்தக் காருக்குச் செய்கிற செலவுகளிலேயே டயர் விலையில் திரும்பி வருகிற ஒரே செலவு கேம்பர்தான்.

காற்றழுத்தத்தைக் குளிரில் பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது. டயரின் வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும். டிராக்கில் 7 முதல் 9 வரை ஏறுவது சாதாரணம். அதனால் குறி வைக்க வேண்டியது சூடான அழுத்தம். பைலட் ஸ்போர்ட் 4-க்கு 36 சுற்றி, அட்வான் ஏ052 போன்ற ஒட்டும் ரகத்துக்கு 32 முதல் 34. காலையில் 28-ல் தொடங்கி, ஒரு செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்த ஒரே நிமிடத்தில் அளந்து, கூடுதலை இறக்குங்கள். இடப்பக்கம் அதிகம் சூடாவதால் அங்கே 1 பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்கலாம். வெயில் ஏறியதும் மறுபடி பார்க்க வேண்டும். மழை வந்தால் தலைகீழ்: டயர் சூடாகாது, எனவே குளிர் அழுத்தத்தை 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

டயரின் தோளில் பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். திரும்பி வரும்போது தோளில் இருக்கும் சிறு முக்கோணக் குறியைத் தாண்டியும் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு அல்லது கேம்பர் போதாது. குறிக்கு முன்னாலேயே நின்றிருந்தால் காற்று அதிகம். கைரேகை போல நெடுக ரப்பர் சுருண்டிருந்தால் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தேவைக்கு மேல் திருப்புகிறார். முன் டயர் வழுக்கும்போது இன்னும் திருப்பினால் கார் திரும்பாது, டயர்தான் அரையும்.

ஏ052 முதல் இரண்டு லேப்பில் பிரமாதமாகப் பிடிக்கும். செப்பாங் வெயிலில் நான்காவது லேப்பிலிருந்து வழுக்கத் தொடங்கும். ஒரு லேப் நேரம் எடுப்பவருக்கு அது சரி. இருபது நிமிட செஷன் முழுக்கச் சீராக ஓட்ட நினைப்பவருக்கு பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் நிம்மதி. ஆனால் எந்த டயரானாலும் மூன்று கடும் லேப், ஒரு ஆறும் லேப் என்று பிரித்து ஓட்டினால் ஆயுள் கூடும்.

நான்கு சக்கரமும் ஒரே அளவு என்பது இந்தக் காரின் பெரிய வசதி. வெளிப்பக்கம் என்று குறியிட்ட டயரை ரிம்மிலிருந்து கழற்றாமலே இடம் மாற்றலாம்: இடது முன் டயரை வலது பின்னுக்கு, வலது பின்னை இடது முன்னுக்கு. அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் சுற்றும் டயரில் இது முடியாது. பக்கம் மாற்ற ரிம்மிலிருந்து கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

செஷன் முடிந்த கடைசி லேப்பை பிரேக் தொடாமல் ஓட்டி வாருங்கள். பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பிரேக் மிதியையும் அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். மிதித்தபடி நின்றால் சூடான பேட் டிஸ்கில் ஒட்டித் தடம் பதிக்கும், பிறகு அதிர்வு போகாது. கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். சில நிமிடம் கழித்து, சக்கரம் அரைச் சுற்று உருளும் அளவுக்குக் காரை நகர்த்திவிடுவதும் நல்லது. சக்கர நட்டுகளை ஆறிய பிறகு டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் வைத்து இறுக்கினால் ஸ்டட் நீண்டு பிறகு தளரும். வீட்டுக்குக் கிளம்பும் முன் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். டிராக்குக்காக இறக்கிய டயர் ஆறியதும் 26-க்கும் கீழே போயிருக்கும், அந்த அழுத்தத்தில் ஹைவேயில் ஓடக்கூடாது.