ஆறு வார வரங்கள் வகுப்பு, போகலாம் ஆனா அந்த மார்க்க நம்பாதீங்க

எங்க சர்ச் சபைல ஆவிக்குரிய வரங்கள், அதாவது பரிசுத்த ஆவி ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற திறமைங்க பத்தி வாரம் ஒரு கிளாஸ்னு ஆறு வாரம் நடத்துனாங்க, ஒண்ணு விடாம உக்காந்துட்டு வந்தேன். பாடம் எடுத்த அண்ணன் விஷயம் தெரிஞ்சவரு. பைபிள்ல பவுல் எழுதுன கடிதங்கள்ல 1 கொரிந்தியர் 12ல ஆரம்பத்துல வர்ற 9தான் வரம்னு நெனச்சிட்டு இருந்தேன், ரோமர் 12ல 7 இருக்கு, எபேசியர் 4ல மேய்ப்பர் போதகர்னு ஆளுங்களையே வரமா சொல்லுது, ஒரு லிஸ்ட் இன்னொண்ணோட ஒத்துப்போகாது, அதனால இதுதான் முழு பட்டியல்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாதுன்னு புரிய வச்சாரு.

மூணாவது வாரம் கேள்வித்தாள், 0லருந்து 3 வரை நமக்கு நாமே மார்க் போட்டு கூட்டணும். எனக்கு போதிக்கிற வரம் டாப்ல வந்துச்சு, வராதா பின்ன, மார்க் போட்டதே நான்தானே. அடுத்த வாரம்தான் மேட்டரே. பேர் எழுதுன கவர் சுத்தி வரும், இவங்ககிட்ட என்ன வரம் பாக்குறீங்கன்னு மத்தவங்க துண்டுச்சீட்டு எழுதி போடணும். என் கவர்ல 8 சீட்டு, போதிக்கிறதுன்னு ஒண்ணு கூட இல்ல, 5 பேர் "ஆஸ்பத்திரில ராத்திரி கூட இருந்தீங்களே"ங்கிற மாதிரி எழுதி இரக்கம்னு போட்டிருக்காங்க. அத நான் வரம்னே நெனச்சதில்ல, ஆனா ரோமர் 12:8ல அது இருக்கு. பக்கத்துல ஒரு அக்கா, எப்பவும் சேர் எடுத்துப் போட்டுட்டு பின்னாடி நிக்கிறவங்க, கேள்வித்தாள்ல எல்லாத்துலயும் கம்மி மார்க் வந்து மூஞ்சி தொங்கிப்போயிருந்தாங்க, அவங்க கவர் பிதுங்கிட்டு இருந்துச்சு, சீட்டுக்கு சீட்டு உபகாரம் உபகாரம்னு, அதாவது மத்தவங்களுக்கு உதவுற வரம்.

அஞ்சாவது வாரம் சுத்தமா பிடிக்கல. அன்னைக்கு பாஷை பேசுற வரம், அதாவது ஆவியால தெரியாத மொழியில பேசுறது. 1 கொரிந்தியர் 14:27ல ரெண்டு பேரு மிஞ்சினா மூணு பேரு, அதுவும் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தரா, அர்த்தம் சொல்லவும் ஆள் வேணும்னு வாசிச்ச கையோட எல்லாரும் சேர்ந்து பாஷை பேசுங்கன்னா எப்படிங்க? பாஷை வராதவங்கள முன்னாடி கூப்பிட்டு நிக்க வச்சாங்க, ஒரு காலேஜ் தம்பி கண்ண தொடச்சிட்டே வெளிய போயிட்டான். எல்லாரும் பாஷை பேசுறாங்களான்னு பவுல் 1 கொரிந்தியர் 12:30லயே கேட்டுட்டாரே.

கடைசில எந்த ஊழியத்துல சேர விருப்பம்னு ஃபார்ம் வாங்குனாங்க, ரெண்டு மாசம் ஆச்சு ஒரு போன் இல்ல. அக்கா ஃபார்முக்கெல்லாம் வெயிட் பண்ணல, போன ஞாயிறும் சேர் போட்டுட்டு இருந்தாங்க, நானும் போய் ரெண்டு வரிசை போட்டேன்.

5க்கு 3 குடுப்பேன், அதுல ரெண்டு அந்த கவருக்கு.