சியாட்டில் கிங்டோம்: கான்கிரீட்டுக்கு முழு மதிப்பெண், மேல்பூச்சுக்குப் பூஜ்யம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிங்டோம் என்ற கூரை போட்ட விளையாட்டரங்கம் நின்ற இடத்தில் இப்போது லூமன் ஃபீல்டு என்ற அரங்கம் இருக்கிறது. 24 வருடம் ஓடி, 2000-ல் தரைமட்டமான அரங்கத்தை இனி எதற்கு மதிப்பிட வேண்டும்? பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, சாக்கர் (நம்மூரில் கால்பந்து என்பது), கூடைப்பந்து என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் யோசனை எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. அதற்காகத்தான்.

முதலில் விலை. 1968 பிப்ரவரியில், சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி மாவட்டத்தின் வாக்காளர்கள் 4 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 1976 மார்ச் 27 அன்று திறந்தபோது கணக்கு 6.7 கோடியில் நின்றது. அலங்காரம் எதுவும் கிடையாது. உள்ளேயும் வெளியேயும் வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட்.

ஆனால் அந்தக் கான்கிரீட் அபாரம். பொறியாளர் ஜாக் கிறிஸ்டியன்சன் வடிவமைத்த கூரையின் விட்டம் 660 அடி. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. விலா எலும்புபோல வளைந்த 40 தாங்கிகள், அதாவது விலாக்கள், அவற்றுக்கு இடையே வெறும் 5 அங்குலக் கான்கிரீட் ஓடு. விட்டத்தோடு ஒப்பிட்டால் முட்டை ஓட்டைவிட மெலிசு. இந்த மெலிசு எப்படித் தாங்கியது? விலாக்களுக்கு இடையே ஓடு தட்டையாக இல்லாமல் குதிரைச் சேணம்போல இருபுறமும் வளைந்திருந்தது. காகிதத்தை மடித்தால் விறைப்பு கூடுவதுபோல, அந்த வளைவே பலம். குவிமாடம் தன் எடையால் அடியில் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதைச் சுற்றியிருந்த வளையம் இறுக்கிப் பிடித்தது. 1996 மே 2 அன்று ஆட்டம் நடக்கும்போதே நிலநடுக்கம் வந்தது. ஆட்டத்தை நிறுத்திச் சோதித்துப் பார்த்து, மறுநாள் அதே அரங்கத்தில் மிச்சத்தை ஆடி முடித்தார்கள்.

ஆட்டம் பார்க்க எப்படி? அது எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கால்பந்துக்கு அருமை. கூட்டத்தின் கூச்சல் கான்கிரீட்டில் மோதித் திரும்பி, எதிரணியின் காதில் சொந்த ஆள் சொல்வதே விழாது. களத்தில் ஓர் அணிக்கு 11 பேர், ரசிகர்கள்தான் 12-வது ஆள் என்று, சியாட்டிலின் அமெரிக்கக் கால்பந்து அணியான சீஹாக்ஸ் 1984-ல் 12-ம் எண் சட்டையை ரசிகர்களுக்கென்றே ஒதுக்கியதில் இந்தக் கூரைக்கும் பங்கு உண்டு. சாக்கரும் சோடை போகவில்லை: 1976 ஏப்ரல் 9 அன்று பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியைப் பார்க்க 58,128 பேர் வந்தார்கள்.

பேஸ்பாலுக்குத்தான் பெரிய இடி. கால்பந்து மைதானம் நீள்செவ்வகம். பேஸ்பால் மைதானம் விரித்த விசிறி. இரண்டுக்கும் பொதுவாக வட்டமாக இருக்கை போட்டால் ஏதாவது ஒன்றுக்குப் பார்வை கோணலாகியே தீரும். வலப்பக்க எல்லை கிட்டத்தில் இருந்ததால் பந்து எல்லையைத் தாண்டும் ஹோம் ரன் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அங்கே 23 அடி உயரச் சுவர் வந்தது. மேலே தொங்கிய ஒலிபெருக்கிகள் பந்தின் பாதையில் இருந்தன. சியாட்டிலின் பேஸ்பால் அணியான மரைனர்ஸின் ருப்பர்ட் ஜோன்ஸ் 1979-ல் அடித்த பந்து அதில் சிக்கிக்கொண்டு கீழே வரவே இல்லை. இயற்கைப் புல்லுக்கு வழியில்லை என்பதால் செயற்கைப் புல். முழங்காலுக்கு அது நல்லதல்ல. இத்தனைக்கும் நடுவில், 1995 அக்டோபர் 8 அன்று மரைனர்ஸின் எட்கர் மார்ட்டினெஸ் 11-வது இன்னிங்ஸில் அடித்த இரட்டையில் (அடித்தவர் இரண்டாம் தளம் வரை ஓடும் அடி) நியூயார்க் யாங்கீஸ் அணி 6-5 என்று வீழ்ந்தபோது இந்த மந்தமான கட்டடமே அதிர்ந்தது.

இனி, கட்டடத்தைக் கொன்ற விஷயம். கூரை திறப்பு விழாவுக்கு முன்பே ஒழுகியது. ஓடு எவ்வளவு பலமானாலும் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், மயிரிழை விரிசல் விடும். நீரைத் தடுப்பது மேல்பூச்சின் வேலை. அது திரும்பத் திரும்பத் தோற்றது. 1993-ல் பழைய பூச்சை முழுக்க உரித்துப் புதிதாகப் பூச முடிவெடுத்தார்கள். மணல் பீய்ச்சி உரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. உடனே அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சினார்கள். அங்கேதான் தவறு. பூச்சு போன கூரை மேல் அழுத்த நீர் பாய்ந்ததும் அது கான்கிரீட் வழியே இறங்கி, அடியில் பொருத்தியிருந்த ஒலி உறிஞ்சும் பலகைகளில் ஊறியது. 1994 ஜூலை 19: தலா 26 பவுண்டு, அதாவது சுமார் 12 கிலோ எடையுள்ள நான்கு பலகைகள் இருக்கைகளின் மேல் விழுந்தன. ரசிகர்களுக்குக் கதவு திறக்க அரை மணி நேரம்தான் இருந்தது.

கூரைக்கு அடியில் எதையாவது ஒட்டியோ தொங்கவிட்டோ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இது: மேலே நீரைத் தொடுமுன் அடியில் இருப்பதைக் கழற்ற வேண்டும், அல்லது சிறு பகுதியில் மட்டும் முயன்று கீழே ஈரம் இறங்குகிறதா என்று நாட்கணக்கில் பார்க்க வேண்டும்.

பழுதுபார்ப்புக்கு 5.1 கோடி டாலர் போனது. அதைவிடக் கொடுமை, அந்த வேலையில் கிரேன் விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அணிகள் வெளியூர்களிலும் பல்கலைக்கழக மைதானத்திலும் ஆட நேர்ந்தது. பொது அரங்கம் இனி வேண்டாம், ஆளுக்கொன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மரைனர்ஸ் 1999 ஜூலையில் தனி மைதானத்துக்குப் போனது. சீஹாக்ஸுக்கான புது அரங்கத்துக்கு 1997-ல் வாக்காளர்கள் நூலிழையில் சம்மதித்தார்கள்.

2000 மார்ச் 26 ஞாயிறு காலை, சுமார் 2 டன் வெடிபொருள் வைத்துத் தகர்த்தார்கள், 16.8 விநாடியில் எல்லாம் தரையில். விலாவும் ஓடும் கடைசி வரை உறுதியாகவே இருந்தன. கட்டுமானத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் வாங்கிய கடன் அதற்குப் பிறகும் ஓடி, 2015 மார்ச்சில்தான் அடைந்தது.