ரைஃபிள் ப்ரைமர்: சாதாரணமா, மேக்னமா, மேட்ச்சா?

ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்புவோர் குண்டின் எடையைப் பற்றியும் பவுடரின் (குண்டைத் தள்ளும் வெடிமருந்தின்) வகையைப் பற்றியும் நாள்கணக்கில் யோசிப்பார்கள். அடிபட்டதும் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கிண்ணமான ப்ரைமர் என்று வரும்போது மட்டும் கையிருப்பில் எது இருக்கிறதோ அதை எடுத்துப் பொருத்திவிடுவார்கள். தோட்டாவில் உள்ள பொருள்களில் மிகச் சிறியதாக இருந்தாலும், பவுடர் எவ்வளவு சீராகப் பற்றுகிறது, அழுத்தம் எங்கே போய் நிற்கிறது, விசையை அழுத்தாதபோது தோட்டா வெடிக்காமல் இருக்குமா என்ற மூன்றையும் அதுவே பெருமளவு முடிவு செய்கிறது. ஆகவே ப்ரைமரைத் தேர்வு செய்யும்போது முதலில் துப்பாக்கியையும், அடுத்து பவுடரையும், அதன் பிறகே துல்லியத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெரிய ரைஃபிள் ப்ரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சிறியதன் விட்டம் 0.175 அங்குலம், எது வேண்டும் என்பதைப் பித்தளைக் கூட்டின் அடியில் உள்ள குழியே சொல்லிவிடும். 6.5 க்ரீட்மோர் போன்ற சில தோட்டாக்களுக்கு மட்டும் இரண்டு வகைக் கூடுகளும் கிடைப்பதால், கூடு வாங்கும்போதே ப்ரைமரின் அளவும் தீர்மானமாகிவிடுகிறது. சிறிய கைத்துப்பாக்கி ப்ரைமர் சிறிய ரைஃபிள் குழியில் இறுக்கமாகப் பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் அதன் உலோகக் கிண்ணம் மெல்லியது என்பதால், ரைஃபிளின் அழுத்தத்தைத் தாங்காமல் துளைபட்டுச் சூடான வாயுவைச் சுடுபவரின் முகத்தை நோக்கித் தள்ளக்கூடும். தட்டுப்பாட்டுக் காலத்திலும் இந்த மாற்றைச் செய்யக் கூடாது.

உண்மையான தேர்வு சாதாரண ப்ரைமருக்கும் மேக்னம் ப்ரைமருக்கும் இடையில் தொடங்குகிறது. சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன் ஆகிய நிறுவனங்களின் பெரிய ப்ரைமர்களில் சிசிஐ 200, ஃபெடரல் 210, ரெமிங்டன் 9½ ஆகியவை சாதாரண வகை. சிசிஐ 250, ஃபெடரல் 215, ரெமிங்டன் 9½எம் ஆகியவை மேக்னம் வகை. மேக்னம் ப்ரைமர் அதிக வெப்பத்தோடு, சற்றே நீண்ட நேரம் எரிகிறது. தோட்டாவின் பெயரில் மேக்னம் என்ற சொல் இருந்தால்தான் மேக்னம் ப்ரைமர் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இதில் முடிவு செய்ய வேண்டியது பெயரல்ல, பவுடர்தான். வின்செஸ்டர் 748, எச்335 போன்ற உருண்டை மணிப் பவுடர்களின் மேற்பரப்பில் எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சு இருப்பதால், அவற்றைப் பற்றவைக்கக் கூடுதல் வெப்பம் உதவுகிறது. பெரிய கூட்டில் மெதுவாக எரியும் பவுடரை நிறைய இட்டிருந்தாலும், உறைபனிக் குளிரில் சுட நேர்ந்தாலும் மேக்னமே நல்லது. வர்கெட், எச்4350 போன்ற குச்சி வடிவப் பவுடர்கள், நடுத்தர அளவுள்ள கூட்டில் சாதாரண ப்ரைமரிலேயே சீராகப் பற்றிக்கொள்ளும். அங்கே மேக்னத்தால் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் எதுவுமில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அதிகபட்ச அளவுக்கு அருகில் பவுடர் நிரப்பியிருக்கும் ஒருவர் வேறெதையும் மாற்றாமல் ப்ரைமரை மட்டும் மேக்னமாக மாற்றினால், அழுத்தம் எல்லையைத் தாண்டிவிடலாம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); அந்த எல்லையை ஒட்டி நிற்கும் நிரப்பில் கூடுதல் அழுத்தத்துக்கு இடமே இல்லை. நம்பத்தக்க ரீலோடிங் கையேடுகள் ஒவ்வொரு அட்டவணையிலும் எந்த ப்ரைமரைப் பயன்படுத்தினார்கள் என்று குறிப்பிடுவது இதனால்தான். ப்ரைமரை மாற்றுகிறவர் கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பி, அங்கிருந்து படிப்படியாக ஏற வேண்டும். ப்ரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிப்பதும் போதாது. மென்மையான கிண்ணம் மிதமான அழுத்தத்திலேயே தட்டையாகும், தடித்த கிண்ணம் மிகை அழுத்தத்தையும் மறைத்துவிடும்.

சிறிய ப்ரைமர்களில் கிண்ணத்தின் தடிமனே தனியொரு காரணமாகிறது. சிசிஐ 400இன் கிண்ணம் சுமார் 0.020 அங்குலத் தடிமன் கொண்டது. மேக்னம் வகையான சிசிஐ 450இன் கிண்ணம் சுமார் 0.025 அங்குலம். ஆகவே .223 ரெமிங்டன் தோட்டாவை உச்ச அழுத்தத்துக்கு அருகில் சுடுபவர், கூடுதல் வெப்பம் தேவைப்படாவிட்டாலும், உறுதியை முன்னிட்டு 450ஐ எடுப்பது நியாயமானதே. ரெமிங்டன் 6½ ப்ரைமர் .22 ஹார்னட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது; .223க்கு அந்நிறுவனமே 7½ஐத்தான் பரிந்துரைக்கிறது.

மேட்ச் வகை என்பது ஃபெடரல் 210எம், சிசிஐ பிஆர்-2 போன்றவை: சாதாரண வகையையே கூடுதல் கவனத்தோடும் கண்டிப்பான பரிசோதனையோடும் தயாரித்தது. 100 மீட்டரில் சுடுபவருக்கு இதன் பயன் கண்ணில் படாது. 1,000 கெஜத்தில் நிலைமை வேறு. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் வினாடிக்கு 50 அடி மாறினால் குண்டு பல அங்குலம் மேலும் கீழுமாக விழும் என்பதால், அங்கே சீரான பற்றவைப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டு. எனினும் பவுடரைச் சரியாக நிறுக்காதவருக்கு மேட்ச் ப்ரைமர் எதையும் மீட்டுத் தராது.

அரைத்தானியங்கி ரைஃபிள் வைத்திருப்பவர் இவை எல்லாவற்றுக்கும் முன் துப்பாக்கியைத்தான் பார்க்க வேண்டும். ஏஆர்-15, எம்1 கேரண்ட், எஸ்கேஎஸ் போன்றவற்றில் ப்ரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னால் இழுத்து நிறுத்தும் ஸ்பிரிங் பொதுவாக இருப்பதில்லை. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் வேகமாக மூடும்போது ஃபயரிங் பின் முன்னோக்கி ஓடி ப்ரைமரைத் தொட்டுவிடுகிறது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால், ப்ரைமரின் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு பள்ளம் தெரியும். எளிதில் வெடிக்கும் ப்ரைமராக இருந்தால் அந்தத் தொடுகையே போதுமானதாகிவிடலாம். ஃபெடரல் ப்ரைமர்கள் லேசான அடியிலும் வெடிப்பவை எனப் பெயர் பெற்றவை. பலவீனமான ஸ்பிரிங் கொண்ட துப்பாக்கிக்கு அது வரம், இங்கே அது குறை. ராணுவத் தரத்துக்கேற்ப அடிக்கு எளிதில் வெடிக்காதபடி செய்யப்பட்ட சிசிஐ 41, சிசிஐ 34 ஆகியவற்றையே இத்தகைய துப்பாக்கிகளுக்கு நான் பரிந்துரைப்பேன். துல்லியத்தில் சற்று இழப்பு இருந்தாலும் அது ஏற்கத்தக்கதே.

எந்த வகையானாலும் பொருத்தும் விதம் சரியில்லையென்றால் ஒப்பீட்டுக்கே பொருளில்லை. ப்ரைமரின் உள்ளே இருக்கும் ஆன்வில் என்ற சிறு உலோகத் துண்டின் கால்கள் குழியின் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். விரல் நுனியைக் கூட்டின் அடிப்பகுதியில் தடவினால் ப்ரைமர் விளிம்பைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் வரை தாழ்ந்திருப்பது உணர்வில் தெரியும். மேலே துருத்தி நிற்கும் ப்ரைமர் இரண்டு விதத்திலும் தீங்கு செய்யும்: சாதாரண ரைஃபிளில் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும், அரைத்தானியங்கியில் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும்.

இரண்டு ப்ரைமர்களை ஒப்பிட விரும்புவோர் ஒரே லாட்டைச் (தயாரிப்புத் தொகுதியைச்) சேர்ந்த கூடுகளையும் பவுடரையும் எடுத்து, இரண்டுக்கும் பாதுகாப்பான ஒரே மிதமான அளவை நிரப்பி, வகைக்குப் பத்துத் தோட்டாக்களுக்குக் குறையாமல் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் சுட்டுப் பார்க்க வேண்டும். மூன்று தோட்டாக்களின் முடிவு எதையும் நிரூபிக்காது. ப்ரைமர் பெட்டியின் மேல் அச்சிட்ட லாட் எண்ணையும் அந்தப் பதிவோடு எழுதி வைப்பது அவசியம். ஒரே பெயரில் வரும் ப்ரைமர்கூட லாட்டுக்கு லாட் சற்று மாறும் என்பதால், புதிய பெட்டியைத் திறக்கும்போது உச்ச அளவிலேயே தொடராமல் சற்று இறங்கிச் சரிபார்த்துக்கொள்ள அந்தக் குறிப்பு உதவும்.