18,500 ரூபாய்க்கு நான் வாங்கிய போலிக் கடிதம்

கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள் என்றாள் மனைவி. இது தணிகிற கோபம் இல்லை.

கையெழுத்திட்ட முதல் பதிப்பு நாவல்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். பழைய புத்தகங்கள் கைமாறும் ஓர் இணையக் குழுவில் போன மாதம் ஒரு விளம்பரம் வந்தது. 1966இல் வெளிவந்த நாவல், ஆசிரியரின் கையெழுத்துடன். கூடவே 1967இல் அவர் ஒரு வாசகருக்கு எழுதிய இன்லண்ட் கடிதம், உறையில்லாமல் மடித்து ஒட்டி வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி அனுப்பும் அஞ்சல் தாள். விலை 18,500 ரூபாய். (ஆசிரியர் யாரென்று சொல்லப்போவதில்லை. அவர் குடும்பத்தை எதற்கு இழுப்பது?)

விற்றவர் தொலைபேசியில் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டினார். "அந்த வாசகர் என் தாத்தா சார்" என்றபோது குரல் கம்மியது. "பணம் மெதுவாக வரட்டும், புத்தகம் நல்ல கைக்குப் போனால் போதும்." அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். பேரம் பேசவே கூச்சப்பட்டு, ஐந்தே நிமிடத்தில் 18,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன். கடிதத்தின் முகவரிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பக் கேட்டதற்கு, வீட்டு விலாசம் வெளியே போவது அம்மாவுக்குப் பிடிக்காது என்றார். அதையும் நம்பினேன்.

பார்சல் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினேன். பின்கோடு எழுத ஆறு கட்டங்கள், அச்சிலேயே! பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. வயிறு கலங்கியது. புத்தகத்தை எடுத்தேன். 'முதல் பதிப்பு 1966' என்றிருந்த தாளின் ஓரத்தில் பசை நகத்தில் இடறியது. உள்ளே 'லை', 'னை' எல்லாம் இன்றைய வடிவில். யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு போட்ட பழைய எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே 1978இல்.

விற்றவரிடம் கேட்டேன். "பெரியார் 1935லேயே கொண்டுவந்துவிட்டாரே சார்" என்றார். கொண்டுவந்தார், தம் பத்திரிகையில். இந்த நாவலை அச்சிட்டவர்கள் அந்த எழுத்தைத் தொடவில்லை. அதே நாவலின் உண்மையான முதல் பதிப்பை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். பின்கோடு கட்டத்துக்கு மட்டும் பதில் இல்லை. மறுநாள் திருமண வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் என் எண்ணையே தடுத்துவிட்டார். குழு நிர்வாகியோ, "இது உங்கள் இருவருக்குள் நடந்த வியாபாரம்" என்று கைகழுவியதோடு, குழுவின் கண்ணியம் கெடுகிறதென்று இதைப் பற்றி நான் குழுவில் போட்ட பதிவையும் நீக்கினார். 18,500 ரூபாய் போனதில் கெடாத கண்ணியம்!

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ஒரு புகார் எண் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முகவரிப் பக்கமும் அஞ்சல் முத்திரையும் பார்க்காமல் கடிதம் வாங்காதீர்கள். உள்பக்கம் நான்கைந்தைப் படம் கேட்டு, எழுத்து வடிவைப் பாருங்கள். தாத்தா கதை சொன்னால் உடனே போனை வையுங்கள்.

நேற்றிரவு அதே குழுவில், வேறு பெயரில், இன்னொரு இன்லண்ட் விற்பனைக்கு வந்திருக்கிறது. உட்பக்கம் மட்டும்தான் படத்தில் இருக்கிறது.