சொல்லுக்கு இவ்வளவு: மூன்றாண்டு இணைய எழுத்து அனுபவம்

படித்துக்கொண்டே இணையத்தில் எழுதிச் சம்பாதிக்கலாமா என்று முதலாண்டு மாணவி ஒருவர் சென்ற வாரம் கேட்டார். நின்ற இடத்திலேயே ஆம் என்று சொல்லிவிட்டேன். அது பாதிப் பதில்தான் என்று பிறகு உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளாகக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் செய்து தருகிறேன். வருமானம் தேர்வு மாதங்களில் இறங்கும், விடுமுறையில் ஏறும். வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் ஃபைவர் தளம் கூலியில் 20 விழுக்காட்டைக் கழித்துக்கொள்வதும், வேலை முடிந்த பிறகும் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதும் சேரும்போதே தெரிந்தவை. அவற்றில் எனக்குக் குறையில்லை. இன்றுவரை ஆறாத கோபம் ஒன்றின்மீதுதான்: சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முறை.

'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்பதை மென்பொருள் ஒரே சொல்லாக எண்ணுகிறது. அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொற்கள் வேண்டும், அத்தனைக்கும் கூலி உண்டு. ஆயிரம் சொல் கொண்ட ஆங்கில மூலத்தில் ஒன்றையும் விடாமல் பெயர்த்தாலும் என் தமிழ் எழுநூற்றுச் சொச்சத்தில் நின்றுவிடுகிறது. தலைப்பு எழுதும்போதோ எழுத்துகளுக்கு வரம்பு வைக்கிறார்கள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லை, கணினி எழுத்துகளைப் பதியும் ஒருங்குறி (யூனிகோடு) முறை 5 குறிகளாகப் பதிவதால் அங்கும் இடம் நமக்கே முதலில் தீர்கிறது. சுருக்கச் சொல்லும்போது குறிகளையும் கூலி தரும்போது சொற்களையும் எண்ணுவது எந்த வகையில் நியாயம்?

பணத்தைவிட இது என் கையைக் கெடுத்ததுதான் பெரிய இழப்பு. சேர்த்தெழுத வேண்டியவற்றைப் பிரித்தெழுதினேன். 'செய்தார்' என்று முடியவேண்டிய இடத்தில் 'செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது' என்று நீட்டினேன். இரண்டாம் ஆண்டில் வாய்த்த பதிப்பாசிரியர் ஒருவர், ஒரே கட்டுரையில் பதினொரு 'குறிப்பிடத்தக்கது'களை அடித்துவிட்டு, ஓரத்தில் 'குறிப்பிட்டாயிற்றே, பிறகு எதற்கு?' என்று எழுதி அனுப்பினார். அடித்த பின் அந்தக் கட்டுரையை வாய்விட்டுப் படித்தேன். அதற்கு மூச்சு வந்திருந்தது. அடுத்த ஓராண்டு அவர் திருப்பியனுப்பிய ஒவ்வொரு கோப்பும் எனக்கு ஒரு வகுப்பாக அமைந்தது. கட்டணம் கட்டியும் கிடைக்காத அந்தப் பயிற்சியைக் கூலி வாங்கிக்கொண்டே பெற்றேன் என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

அவர் கட்டுரைக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தந்தவர். மொழிபெயர்ப்பு வேலைகளில் மூலத்தின் சொற்களை எண்ணிக் கூலி தருவதும் பரவலான வழக்கம்தான். இதை எடுத்துச் சொல்லிக் கேட்டபோது, எனக்கு வழக்கமாக வேலை தரும் ஒருவர் மறுத்தார், இன்னொருவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். கேட்காமல் முதல் ஆண்டை ஓட்டியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இத்தனை நன்மை பெற்ற பிறகும், அந்த மாணவிக்கு இன்று என் பதில் 'இப்போது வேண்டாம்' என்பதே. எடுத்தவுடன் கிடைப்பவை பெரும்பாலும் சொல் கணக்கு வேலைகள்தாம். சொந்த நடை உருவாகும் வயதில் வாக்கியத்தை நீட்டக் கைபழகினால், அதை மறக்க எனக்கு ஆனதுபோல் ஓராண்டு ஆகும். மொத்தக் கூலிக்கோ மூலச் சொல் கணக்குக்கோ ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் அன்றே தொடங்கட்டும். முதல் கட்டுரையை அனுப்புமுன் நானே படித்துத் திருத்தித் தருகிறேன்.