மெயில்வெலோப்பா, தண்டர்பேர்டா?

மின்மடலை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டி, அதாவது மறையாக்கம் செய்து அனுப்ப இந்த இரண்டில் எது நல்லது? ஜிமெயிலை பிரவுசரிலேயே திறந்து பழகியவர்களுக்கு, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் மெயில்வெலோப் நீட்சிதான் சுலபம். அதன் பொத்தானை அழுத்தினால் தனி ஜன்னல் திறக்கும், அதில் எழுதுவது மறையாக்கம் ஆன பிறகுதான் ஜிமெயிலுக்கே போகும். ஆனால் தலைப்பு வரி அப்படியே வெளியே தெரியும். ‘சம்பள விவரம்’ என்று மேலே போட்டுவிட்டு உள்ளே பூட்டி என்ன பயன்?

அதனால் என் ஓட்டு, கணினியில் நிறுவிக்கொள்ளும் மின்மடல் மென்பொருளான தண்டர்பேர்டுக்கு. முன்பு அதில் மறையாக்கம் செய்ய எனிக்மெயில் நீட்சி, கூடவே குனுபிஜி மென்பொருள் என்று தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து ஓபன்பிஜிபி என்ற மறையாக்க முறை உள்ளேயே இருக்கிறது, தலைப்பையும் மறைக்கும். தண்டர்பேர்டுக்கு ஒரு முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் மறக்காமல் அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணினியில் உட்காருபவர் எவரும் மடல்களைத் திறந்து படிக்கலாம்.

மெயில்வெலோப்தான் வேண்டுமென்றால் சரி, பூட்டிய மடலைத் திறக்கும் ரகசியச் சாவிக்கு நகல் எடுத்துவிடுங்கள். நீட்சியை நீக்கினால் சாவியும் போய்விடும், அப்புறம் பூட்டி வந்த பழைய மடல் எதையும் திறக்க முடியாது.