ஒலிங்கா, சோமாஸ்கேனா, மாஸ் ஸ்பெக்கா?

புரதங்களை ஆயிரக்கணக்கில் அளந்து தரும் சேவைகளைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான். ஒலிங்க் என்ற சேவை 5,400 புரதங்கள் என்கிறது, சோமாஸ்கேன் என்ற சேவை 11,000 என்கிறது. அதை நம்பி மட்டும் மாதிரியை அனுப்பிவிடாதீர்கள். ஐஸ்லாந்தில் ஒரே ஆட்களின் பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதி) இந்த இரண்டிலும் (அப்போதைய சிறிய பதிப்புகளில்) அளந்து 2023-ல் வெளியிட்டார்கள். ஒரே புரதத்துக்கு வந்த இரு அளவுகளின் ஒட்டுறவு, நடுமதிப்பில் வெறும் 0.33! (1 என்றால் முழுப் பொருத்தம்.)

பிடிக்கிற விதமே வேறு. ஒலிங்கில் ஒரு புரதத்தை இரண்டு ஆன்டிபாடிகள் பிடித்து, அவற்றின் டி.என்.ஏ. வால்கள் இணைந்தால்தான் கணக்கில் சேரும். சோமாஸ்கேனில் ஆப்டமர் என்ற ஒற்றை டி.என்.ஏ. இழை பிடிக்கிறது. இரட்டைச் சாட்சி இருப்பதால் என் ஓட்டு ஒலிங்குக்கு. 2 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவே போதும். பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் தரவு வங்கியான யு.கே. பயோபேங்கில் 54,219 பேருக்கு அளந்ததும் இதில்தான். ஒன்று மட்டும் கவனம்: வருவது நானோகிராம் கணக்கு அல்ல, ஒப்பீட்டு மடக்கை எண். 1 கூடினால் இரு மடங்கு என்று பொருள்.

சரி, மாஸ் ஸ்பெக் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி)? ட்ரிப்சின் நொதியால் புரதத்தைத் துண்டாக்கி, துண்டுகளின் நிறையை வைத்து அது எந்தப் புரதம் என்று கண்டுபிடிக்கும் முறை. எதைத் தேடுகிறோம் என்று முன்னதாகச் சொல்ல வேண்டியதில்லை. திசு, நெல் இலை, பாம்பு விஷம், பாஸ்பேட் ஒட்டிய புரதம் என்றால் யோசிக்காமல் இங்கேதான் போகவேண்டும்; மற்ற இரண்டும் மனிதப் புரதங்களுக்காகச் செய்தவை. பிளாஸ்மாவில்தான் திணறும். மில்லிலிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் அல்புமின் மிதக்கும் இடத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் சில பிகோகிராம்தான். கிட்டத்தட்ட 1,000 கோடி மடங்கு வித்தியாசம்; மிகுந்திருப்பது அரிதானதை மறைத்துவிடும்.

அப்புறம், மாஸ் ஸ்பெக்கில் கெரட்டின் (தோலிலும் முடியிலும் உள்ள புரதம்) தொல்லை. புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லைக் கையுறை இல்லாமல் தொட்டாலோ ஒரு முடி விழுந்தாலோ, நெல் இலை அறிக்கையிலும் மனிதத் தோல் முன்வரிசையில் வந்து உட்காரும். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தால் ஆடும் கூடவே வரும்.

மாஸ் ஸ்பெக் சேவையில் எக்செல் அறிக்கையோடு திருப்தி அடையாமல் கருவி பதிவுசெய்த மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். புதிய புரதத் தரவுத்தளம் வந்தால் அதே கோப்பில் திரும்பத் தேடலாம். ஒலிங்கிலும் சோமாஸ்கேனிலும் பட்டியலில் இல்லாத புரதத்துக்கு அந்த வசதி கிடையாது. மாதிரியை மறுபடி ஓட்டத்தான் வேண்டும், மிச்சம் இருந்தால்.